சட்டைப்பைக்கு இரண்டு தையல்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் பிள்ளை போரில் தவறிப்போய் நாலு மாதம் ஆகிறது. இந்த வாரம் எங்கள் தையல் ஆலைக்குப் பட்டாளச் சட்டை தைக்கும் வேலை வந்தது. விஷயம் தெரிந்த சூப்பர்வைசர் அக்கா, "வேற வேலைக்கு மாத்தி விடவாம்மா?" என்று கேட்டார்.

"வேணாங்க்கா, இதையே தைக்கிறேன்" என்றேன்.

அழுகை வரவில்லை, அத்தை. ஒவ்வொரு சட்டைப்பைக்கும் இரண்டு தையல் போட்டேன், அவ்வளவுதான். அவருக்கு எப்போதும் அங்கேதான் கிழியும்.

பாப்பாவின் கால் அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். அவளை அவர் தூக்கிக்கொண்டு நிற்கும் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் குரல் காதிலேயே இருக்கிறது. முகம்தான் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மருமகள்