ஒன்பதாவது மாடிக்குக் கேட்கவில்லை

நாப்போலி, 16 ஏப்ரல் 1984

எர்சீலியாவுக்கு,

இங்கே நலம். ஒன்பதாவது மாடிக் காற்றில் நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

சொன்னபடி நேற்று வந்தேன். மடியில் ஈஸ்டர் கேக், நம் பாஸ்தியேராவோடு இரண்டு பஸ் மாறி வந்தேன். உன் கட்டடத்தின் கீழே நின்று, "எர்சீலியா! ஏ எர்சீலியா!" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. நம் சந்தில் ஒருத்தியைக் கூப்பிட்டால் தெருவே எட்டிப் பார்க்கும். கார் கழுவிக்கொண்டிருந்தவன், "என்னம்மா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றான். கதவருகில் மின்சாரப் பலகை போல ஏதோ இருந்தது. தொடப் பயந்து விட்டுவிட்டேன். உன் பச்சைத் திரை மட்டும் அசைந்தது. புது வீடு வந்ததும் பழைய ஆள் கசந்துபோனாளா? பாஸ்தியேராவை பஸ் டிரைவருக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. உன் ஜன்னலுக்கும் என் ஜன்னலுக்கும் நடுவே நாம் துணி காயப்போட்ட கயிறு இருக்கிறதே, அதை அறுக்கட்டுமா என்று உன் பழைய வீட்டுக்கு வந்திருக்கும் மாணவன் கேட்கிறான். இதுவரை கூடாது என்றேன். சனிக்கிழமை சரி என்று சொல்லிவிடுவேன்.

தித்தீனா

20 ஏப்ரல்

அடி கழுதை தித்தீனா,

அது மின்சாரப் பலகை இல்லை, அழைப்புமணி! பெயர் எழுதியிருக்கும், அழுத்தினால் நான் பேசுவேன். இங்கே யாரும் கத்துவதில்லை. கத்தினாலும் ஒன்பதாவது மாடிக்குக் கேட்காது. திரையை அசைத்தது காற்று. நான் பின்பக்கச் சமையலறையில் இரண்டு தட்டு வைத்துவிட்டு, வராத உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எதிர் வீட்டுக்காரியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. லிஃப்டில் இருவரும் கதவைப் பார்த்தபடி நிற்போம். இங்கு வந்ததிலிருந்து என் பெயரை யாரும் உரக்கச் சொல்லவில்லை. நீ கத்தியதாக எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், அழுகை வந்துவிட்டது.

கயிற்றை அறுக்க விடாதே. அது இருந்ததால்தான் நம் சண்டை மறுநாள்வரை நீண்டதில்லை. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும்?

உன் எர்சீலியா

30 ஏப்ரல்

எர்சீலியா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. கயிறு போய்விட்டது. மன்னித்துவிடு, என் அவசரப் புத்தி. அது ஓடிய கப்பி மட்டும் என் ஜன்னல் பக்கத்தில் துருப்பிடித்துத் தொங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மணியை அழுத்த மாட்டேன், கத்தத்தான் போகிறேன். நீ முன்னாலேயே இறங்கி வந்து வாசலுக்குள் நில். முதல் தடவை கூப்பிட்டதுமே ஓடி வந்துவிடாதே. நான் நன்றாகக் கூப்பிடுகிறேன், அந்தக் கட்டடத்துக்கு உன் பெயர் தெரியட்டும்.

தித்தீனா