ஐஸ் ரூமில் ஞானஸ்நான ஏடுகள்

திருச்சி,
8.12.2024

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

அமலோற்பவ மாதா திருநாள் வாழ்த்துகள். நான் நலம். அங்கே நலமா என்று எழுதத்தான் பயமாக இருக்கிறது. புயல் மழையில் வில்லியனூர்ப் பக்கமெல்லாம் தண்ணீர் என்று சமையலறை சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். மடத்தில் நவதுறவுப் பயிற்சி ஆண்டு முடியும்வரை எங்களுக்கு போன் கிடையாது. அப்பாவுக்குப் போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? மாடு பிழைத்ததா?

மே மாதம் எனக்கு முதல் வார்த்தைப்பாடு. கன்னியாஸ்திரியாக வாழ்வேன் என்று பீடத்தின் முன் சொல்கிற நாள். அதற்கு அப்பா வருவாரா? மடத்துக்குக் கிளம்பிய அன்று அவர் மாட்டுக்கொட்டகையை விட்டு வெளியே வராததை நான் இன்னும் மறக்கவில்லை.

உன் டெல்லிப் படிப்பு எப்படிப் போகிறது? பழைய காகிதங்களைக் காப்பாற்ற ஒரு எம்.ஏ.வா என்று இங்கே கேட்கிறார்கள். ஆவணக் காப்பகவியல் என்று பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டால்தான் விழிக்கிறேன்.

உன் தங்கை,
ஏஞ்சல்


வீட்டிலிருந்து,
22.12.2024

அன்புத் தங்கைக்கு,

லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். உன் கடிதம் டெல்லி போய்த் திரும்பி என் கைக்கு வந்தது. வீட்டில் முழங்காலளவு தண்ணீர் நின்று வடிந்தது. மாடு பிழைத்தது. அப்பா நலம்.

நம் கோயில் ஆபீஸ் அறைதான் மூழ்கிவிட்டது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதும் ஏடுகள் அத்தனையும் பீரோவின் அடித்தட்டில் ஊறிப்போயின. பிரெஞ்சுச் சாமியார்கள் காலத்திலிருந்து நம் இருவர் வரைக்கும் அதில்தான் இருக்கிறோம். வெயில் வந்ததும் மாடியில் விரிக்கப் போவதாக அப்பா போனில் சொன்னார். வகுப்பிலிருந்து வெளியே ஓடி வந்து கத்தினேன். திறக்க வேண்டாம், வெயில் வேண்டாம், உடனே உறைய வையுங்கள் என்றேன். ஈரக் காகிதத்தில் இரண்டு நாளில் பூஞ்சை ஏறிவிடும். உறைந்துவிட்டால் அப்படியே நிற்கும். பிறகு நிதானமாகக் காயவைக்கலாம். போன மாதம்தான் எங்களுக்கு அந்தப் பாடம் நடந்தது.

அவ்வளவு பெரிய ஃப்ரீசருக்கு எங்கே போவது? அப்பா ஏடுகளைப் பாலித்தீனில் சுற்றித் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீராம்பட்டினம் போனார். அவர் யாருக்கு மீன் லோடு ஓட்டுகிறாரோ அந்தக் கெங்கம்மாளுக்கு அங்கே ஐஸ் ரூம் உண்டு. நம் கோயிலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும், "புள்ளைங்க பேரு எழுதன புக்குங்களா? உள்ள வைங்க" என்று வஞ்சிரப் பெட்டிகளைத் தள்ளி இடம் கொடுத்தாராம். கரண்ட் இல்லாத நாளெல்லாம் ஜெனரேட்டர் ஓட்டியிருக்கிறார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் கடிதங்களை அப்பா பிரிக்கவே இல்லை. மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். உன் பேரைச் சொல்வதில்லை. அம்மா இறந்து போய், நீ போய், நானும் போய், தானே பொங்கித் தானே தின்கிறார். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. வந்துவிடுடி.

செல்வி


திருச்சி,
5.1.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை சேப்பலில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்தவள் என்ன ஆச்சு என்று கேட்கும்படி அழுதுவிட்டேன்.

இங்கே எனக்குச் சந்தோஷம், அக்கா. காலையில் முதியோர் வார்டில் கஞ்சி ஊட்டுகிறேன். எனக்காகவே வாயைத் திறக்காமல் காத்திருக்கும் ஒரு பாட்டி உண்டு. வேறெந்த வேலையும் எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை. ஆனால் அப்பா அங்கே தனியாகத் தின்னும்போது நான் இங்கே யாருக்கோ ஊட்டுவது சரியா என்று தெரியவில்லை.

மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிடித்து வைக்க மாட்டோம், தவக்காலத்துக்குள் முடிவு சொல் என்றார். நீ 'வா' என்று எழுதினால் பெட்டியைக் கட்டிவிடுவேன்.

ஏஞ்சல்


வீட்டிலிருந்து,
19.1.2025

என் ஏஞ்சலுக்கு,

நான் இன்னும் டெல்லி திரும்பவில்லை. ஏடு காயவைப்பதையே களப்பணியாகச் செய்ய பேராசிரியர் சம்மதித்துவிட்டார். கோயில் மண்டபத்தில் வேலை நடக்கிறது. ஒவ்வொரு ஏடாகக் கொண்டுவந்து இளகவைத்து, பக்கங்களுக்கு நடுவே மையொற்றும் தாள் வைத்து, அது நனைய நனைய மாற்றுகிறோம். மாதா சபைப் பெண்கள் முறை போட்டு வருகிறார்கள். மண்டபம் முழுக்க மீன் வாசனை. ஊதுவத்தி கொளுத்த வந்த பங்குச்சாமியை நெருப்பே ஆகாது என்று திருப்பி அனுப்பினேன். சில பக்கங்களில் மை மொத்தமும் கரைந்துபோனது. யார் யாரோ அழிந்துவிட்டார்கள் என்று தேம்பினேன். அப்பாதான் டீ வாங்கிக் கொடுத்தார்.

லோடு முடிந்ததும் அவரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பிரெஞ்சு ஏடுகளை வாய் திறக்காமல் புரட்டினார். தமிழ் ஏடுகள் வந்ததும் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே தாள் மாற்றினார். நேற்று வாசித்துக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். எட்டிப் பார்த்தேன். உன் பேர். மை சற்றுப் பரவியிருந்தது. அவர் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஊர்ல கீறவன் பேரெல்லாம் குந்திக்கினு காயவெக்கறேன். பெத்த பொண்ணு பேர வாயில எடுக்கல. இன்னா ஆளு நானு."

நீ வரத் தயாராக இருப்பதைச் சொன்னேன். தாளை வைத்து, பக்கத்தை மெல்ல மூடினார். "ஏஞ்சலு அங்க சந்தோசமா கீறாளா?" என்றார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கஞ்சி ஊட்டும் இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். "அப்பறம் ஏன் கூப்புடற? நாம அங்க போவலாம்" என்றார்.

'வா' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஏஞ்சல். அவர் சொன்னதை எழுதாமல் விட்டிருந்தால் நீ வந்திருப்பாய், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்திருப்போம். அந்த ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன். இன்று காலை உன் பழைய கடிதங்களையெல்லாம் அவரே பிரித்தார்.

வார்த்தைப்பாட்டுத் தேதியை எழுது. அன்றைக்கு லோடு வேண்டாம் என்று கெங்கம்மாளிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டுமாம்.

உன் அக்கா


திருச்சி,
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

மே 24, சனிக்கிழமை காலை. இங்கேயே இருக்கிறேன் என்று மதரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் இருவருக்கும் முன்வரிசையில் இடம் கேட்டிருக்கிறேன்.

அக்கா, நீ எழுதாமல் விட்டிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை என் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஸ்டேஷனுக்கு வர எனக்கு அனுமதி இல்லை. மடத்து கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருப்பேன். இத்தனை சிஸ்டர்களைப் பார்த்ததும் அப்பா கூச்சப்பட்டு வெளியிலேயே நின்றுவிடுவார். விடாதே. கையைப் பிடித்து உள்ளே கூட்டி வா.

ஏஞ்சல்