அளவு சொல்லாத கடை

ஜூன் 9, 2024 – ஞாயிறு

இன்று கடை லீவு. கை சும்மா இருந்தால்தானே! அலமாரியைத் துடைக்கப் போனவள், அளவு ஜாக்கெட் மூட்டையைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "உன்கிட்டயே கிடக்கட்டும் ராஜி" என்று ஒவ்வொருத்தியும் விட்டுப்போனது.

அடியில் சுந்தரம்மாள் அக்காவின் பச்சை ஜாக்கெட். சிவகிரிக்காரி. ஒருநாளும் உடம்பைத் தொட்டு அளவெடுக்க விட்டதில்லை, அத்தனை கூச்சம். நான் மாடிப்படிக்கு அடியில் ஒற்றை மிஷினோடு உட்கார்ந்திருந்த காலத்திலேயே சிவகிரி பஸ்ஸில் அவள் துணிப்பை வரும். என்ன துணி, யாருக்கு என்று ஒரு சீட்டு இருக்காது. தைத்து, அதே கண்டக்டர் அண்ணாச்சியிடம் ஏற்றிவிடுவேன். எங்கள் ஊர் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு மட்டும் மாம்பழத்தோடு நேரில் வருவாள். மின்விசிறி இல்லாத இடம் அது. முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டே, "ஏட்டி, உன் ஜாக்கெட்டைப் போட்டாத்தான் எனக்கு மூச்சு சீரா வருது" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே ராத்திரியெல்லாம் தைக்கலாம் போலிருக்கும்.

இப்போது கடை மாடியில். இரண்டு மின்விசிறி. அந்தக் காற்று இதில் வரவில்லை.

ஜூன் 14 – வெள்ளி

அக்கா வந்தாள். தபசுக்கு முன்னாலேயே! மகன் வேல்ராஜுக்குப் பெண் அமைந்துவிட்டதாம். பனவடலிசத்திரம் மாலா மகள் சண்முகப்ரியா. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வீடும் என் வாடிக்கை. கல்யாணத் துணி இரண்டு பை நிறைய. கொக்கி வைக்க எனக்கு ஒத்தாசையாக இருக்கும் பூமாரி கண்ணாலேயே பைகளை எடை போட்டாள்.

அப்புறம் அக்கா குரலை இறக்கினாள். "அந்தப் புள்ள எப்பவும் கழுத்தை ஏத்தி, கையை முழங்கை வரைக்கும் வச்சே போடுது. தழும்பு, தேமல்னு உடம்புல ஏதும் உண்டாட்டி? உனக்குத் தெரியாம இருக்காதுல்லா."

"யார் உடம்பைப் பத்தியும் நான் பேசுததில்லக்கா. என்கிட்ட கேக்காதீங்க."

"அப்ப ஏதோ இருக்கு."

"இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

"இத்தன வருசப் பழக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டே, என்ன?" முகம் கறுத்துவிட்டது. இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். படி முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது. அப்படிப் போடுவது அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

"இல்லாததை இல்லன்னு சொல்ல என்னக்கா கேடு?" என்றாள் பூமாரி.

"இவளுக்கு இல்லன்னு சொல்லிட்டா, நாளைக்கு இன்னொருத்தியைப் பத்திக் கேக்கும்போது நான் சும்மா இருந்தாலே உண்டுன்னு ஆயிரும்லாட்டி."

"அந்த இன்னொருத்தி வந்தா நம்மளுக்குச் சோறு போடப்போறா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள்.

ஜூன் 22 – சனி

தூக்கம் பிடிக்கவில்லை. பழசெல்லாம் வருகிறது.

எனக்குக் கல்யாண ஜாக்கெட் தைத்தவள் நாலு தெரு தள்ளி இருந்தாள். ஒல்லிப் பெண் நான். உள்ளே இரண்டு மடிப்புத் துணி வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தார்கள். அதை அவள் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள். மறுவீடு வந்து குழாயடிக்குப் போகிறேன், அத்தனை பேரும் என் மாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். அந்த வருஷமே தையல் படிக்கச் சேர்ந்தேன். என் ஜாக்கெட்டை நானே தைத்துக்கொள்ள வேண்டும், வேறு எண்ணமே இல்லை. பக்கத்து வீட்டு முருகம்மாள் தன் துணியைத் தந்துவிட்டு, "வெளிய சொல்லிராத" என்றாள். சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் தங்கச்சி வந்தாள், பிறகு தங்கச்சியின் நாத்தனார். போர்டு மாட்டுமுன்னே கடை வந்துவிட்டது. என்ன நாள் அதெல்லாம்!

ஜூலை 3 – புதன்

மாலா வந்து கத்திவிட்டுப் போனாள். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

"தையக்காரி வாயே திறக்கலன்னா என்னமோ இருக்குன்னு சிவகிரியில பேசுதாக! ஒண்ணுமில்லன்னு சொல்ல முடியாம வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? எம்மவ வாழ்க்கைக்கா!"

நான் என்னத்தச் சொல்ல? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனா இந்த ஊர் வாயத் திறந்துவிட்டதே நாந்தான். அந்தப் புள்ள கல்யாணம் நின்னு போச்சுன்னா? சங்கரா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்தக் கடையத் திறப்பேன்? போனை எடுத்து அக்கா நம்பர் வரைக்கும் போயிட்டேன். "ஒண்ணுமில்லக்கா" – ஒரே சொல்லு. அமுக்கல. பெரிய கொள்கைக்காரி! அழுகைதான் வருது.

ஜூலை 21

தபசு. ஊர் கொள்ளாத கூட்டம். அக்கா வரவில்லை.

செப்டம்பர் 5 – வியாழன்

கல்யாணம் நடந்துவிட்டது. "கட்டினா இவளைத்தான்" என்று வேல்ராஜ் ஒரே பிடியாக நின்றானாம். நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. எனக்குப் பத்திரிகை இல்லை. ஜாக்கெட்டெல்லாம் ராஜபாளையத்தில் தைத்தார்களாம், ஆரி வேலை போட்டு. இரண்டு வீடும் போயிற்று. அவர்களைப் பார்த்து வந்தவர்களும் போயாயிற்று. பூமாரி வாரம் மூன்று நாள்தான் வருகிறாள். நான்தான் அப்படி வரச் சொன்னேன்.

பிப்ரவரி 18, 2025 – செவ்வாய்

மத்தியானம், பூமாரி இல்லாத நேரம். படியில் யாரோ நின்று நின்று ஏறும் சத்தம். எட்டிப் பார்த்தால் சுந்தரம்மாள் அக்கா! பாதியாக இளைத்திருந்தாள். பின்னாலேயே மருமகள் ப்ரியா. அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அக்கா உள்ளே வந்தாள்.

"கதவைச் சாத்துட்டி."

சாத்தினேன்.

"அந்தப் பழைய அளவு இனி ஆகாது. புதுசா எடு."

ஒரு மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். வீட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போனதாகத்தான் தெரியும். மகனும் மருமகளும் கோயம்புத்தூரில் இருப்பதால் மறைக்க முடிந்திருக்கிறது. ப்ரியா நேற்றுத்தான் வந்தாளாம். தானே முந்தானையை இறக்கினாள். நான் டேப்பை எடுத்தேன். மாரில் ஒரு பக்கம் டேப் தட்டையாக விழுந்தது. அவள் கண் ஜன்னல் பக்கம் இருந்தது. அளவை நான் நோட்டில் எழுதவில்லை, மனசில் வைத்துக்கொண்டேன்.

அக்கா சேலையைச் சரிசெய்யட்டும் என்று நான் வெளியே வந்தேன். ப்ரியா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைக்கு என்னக்கா? எங்க யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காக. அளவெடுத்தீங்கல்லா, உங்களுக்குத் தெரியும்லா?"

இவள் கேட்கிறாள். அன்றைக்கு நான் வாய் திறக்காததால் பட்ட பிள்ளை இவள்.

"யார் உடம்பைப் பத்தியும் நான் பேசுததில்ல தாயி. உங்க அத்தைகிட்டயே கேளு."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கையை மட்டும் விட்டாள். திரும்பினால், கதவைத் திறந்துகொண்டு அக்கா நிற்கிறாள். துணிப்பையை என் கையில் திணித்தாள். "நிதானமாத் தையி" என்றாள். மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

நாளைக் காலையில் நல்ல பஞ்சு வாங்க வேண்டும். பூமாரியை அனுப்பாமல் நானே போக வேண்டும்.