இரண்டு சுற்று

மார்ச் 3, திங்கள்

கடையில் இன்று ஆறு வண்டிகள். நான்கு பஞ்சர், ஒரு செயின், ஆறாவது மாப்பிள்ளையின் புது சைக்கிள். தங்கச்சி புருஷன், வீட்டுக்கு மாப்பிள்ளை, சைக்கிள் கூட்டத்துக்குக் கேப்டன். பள்ளியில் விளையாட்டு வாத்தியார். ஏப்ரலில் ட்ரையத்லான் போகிறார் — நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில்.

ஹேண்டில்பாரில் மாட்டும் தண்ணீர் பாட்டில் வேண்டுமாம். முழங்கையை ஊன்ற முன்னால் நீண்டிருக்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அது படுத்துக் கிடக்கும். ஸ்ட்ரா நேராக வாய்க்கு வரும். தலையைத் தூக்க வேண்டாம், கையை எடுக்க வேண்டாம்.

“கீழ குனிஞ்சு பாட்டில உருவுற நேரத்துல ஒருத்தன் என்னைத் தாண்டிடுவான் மச்சான்” என்றார்.

எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். கண்ணெதிரே இருப்பதால் குடிக்க மறக்காது, அது நல்லது. ஆனால் முன்சக்கரத்துக்கு மேலே முக்கால் லிட்டர் எடை குலுங்கிக்கொண்டே வரும். ஸ்டாண்டைப் பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் வாராவாரம் இறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்குத்தானே நான் இருக்கிறேன் என்று முதுகில் ஒன்று வைத்தார். விளையாட்டுக்குத்தான். இன்னும் எரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அறுபது கிலோமீட்டர், கேப்டனும் நானும். ஒரு கார் எங்களை உரசுவதுபோல் போனது. சிக்னலில் நின்ற அந்தக் காரை அவர் எட்டிப் பிடித்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி, அதாலேயே பக்கக் கண்ணாடியை உடைத்தார். பிறகு கதவைத் திறந்து ஓட்டியவரை வெளியே இழுத்து மூக்கில் ஒரே ஒரு குத்து. ஐம்பது வயதிருக்கும் அந்த ஆளுக்கு. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி, கைகூப்பியபடி, “விட்டுடுங்க, விட்டுடுங்க” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து ஏறி, ஸ்ட்ராவில் நிதானமாகத் தண்ணீர் உறிஞ்சினார். மூச்சுகூட வாங்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பின்னால் ஒரு நாள் நான் இல்லையென்று சொல்லிவிடக் கூடாது; அதனால் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

தங்கச்சி கடைக்கு வந்தாள், மகளின் சைக்கிளுக்கு பிரேக் மாற்ற. வலது மணிக்கட்டில் கட்டு. கதவில் மாட்டிக்கொண்டதாம். அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் குழந்தை — ஆறு வயது — கீழே உட்கார்ந்து பெடலைச் சுற்றியபடியே சொல்லிற்று:

“அப்பாவோட பாட்டில்ல அம்மா உப்பு ஜாஸ்தியா போட்டுட்டாங்க மாமா. அதான்.”

‘அதான்.’ மழை பெய்தது, அதான் நனைந்தோம் என்பதுபோல.

தங்கச்சியிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றாள். பிறகு சொன்னாள். அந்தப் பாட்டிலுக்குள் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் இத்தனை கிராம் என்று அவர் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாராம். தினமும் காலை கலந்து, ருசி பார்த்து, ஸ்டாண்டில் மாட்டிக் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் பேச்சில்லை.

எத்தனை வருஷமாக? “பாப்பா பிறக்கறதுக்கு முன்னாலருந்து” என்றாள்.

ஏழு வருஷம். ஞாயிறு தவறாமல் அவன் பின்னால் சைக்கிள் மிதித்திருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

மூன்று ஸ்க்ரூவின் தலையை உடைத்தேன். முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மார்ச் 23, ஞாயிறு

மேட்டின் உச்சியில் அவனை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். நன்றாகத்தான் கேட்டேன். அவள் மேல் கை வைக்காதீர்கள் மாப்பிள்ளை என்றேன். சிரித்தான். புருஷன் பெண்டாட்டிக்குள்ளே ஆயிரம் இருக்கும், உனக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் புரிந்திருக்கும் என்றான். நான் சட்டையைப் பிடித்தேன். அடுத்து ஞாபகம் இருப்பது தார்ச்சாலையின் சூடு, கன்னத்தில். வயிற்றில் மூன்றோ நான்கோ உதை. சைக்கிள் ஷூவின் அடியில், பெடலில் பூட்டிக்கொள்ளும் கட்டைதான் வலித்தது. வாயில் ஒரு பல் ஆடுகிறது.

எழுப்பிவிட்டதும் அவன்தான். முகத்தில் தண்ணீர் ஊற்றி, “கிளம்பலாமா மச்சான்?” என்றான். அவன் பின்னாலேயே வந்தேன். வேறு வழி தெரியவில்லை எனக்கு. முப்பது கிலோமீட்டர்.

மார்ச் 24, திங்கள்

தங்கச்சி போன் செய்தாள். குரல் பக்கவாட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது — உதடு வீங்கியிருக்கிறது.

“நீ ஏன் கேட்ட? நீ அவரை ஒண்ணு அடிச்சா எனக்கு அது ரெண்டா வருது. இனிமே எதுவும் பண்ணாத.”

என்னோடு வந்துவிடு என்றேன். குழந்தைக்குப் பரீட்சை என்றாள். எங்கே போனாலும் வந்து நிற்பார் என்றாள். பந்தயம் முடிந்தால் கொஞ்ச நாள் அமைதியாக இருப்பார், போன வருஷமும் அப்படித்தான் என்றாள். போலீசுக்குப் போகலாமா? வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எப்படியெல்லாம் சாவான் என்று கடையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். லாரி. குளத்தில் கால் பிடிப்பு. ஒவ்வொன்றிலும் அவன் கடைசியாகப் பார்ப்பது என் முகத்தை. பஞ்சர் ஒட்டும்போதும் இதே நினைப்பு. பசி இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கேப்டன் சைக்கிளைக் கொண்டுவந்தான். நாளை மறுநாள் பந்தயம், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடு என்றான். என் வாயைப் பார்த்து, பல் எப்படி இருக்கிறது என்று கேட்டான். அக்கறையாக.

அவன் போன பிறகு செய்தேன். கியர், பிரேக், டயர் எல்லாவற்றையும் சுத்தமாகப் பார்த்தேன். கடைசியில் பாட்டில் ஸ்டாண்ட். முன் ஸ்க்ரூ ஒரு சுற்று, பின் ஸ்க்ரூ இரண்டு சுற்று. இடப்பக்கமாக. கையால் ஆட்டிப் பார்த்தால் தெரியாது. பாட்டில் நிறைந்து, சாலை குலுக்கினால் மீதியை அதுவே செய்துகொள்ளும். பந்தயப் பாதையில் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இறக்கம். அங்கே தார் பெயர்ந்து கிடக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரத்துக்கு அடியில் முக்கால் லிட்டர் பாட்டில்.

பத்து வருஷ வேலையில் இவ்வளவு நிதானமாக ஸ்பேனர் பிடித்ததில்லை.

சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போனான். “உன்ன மாதிரி கை யாருக்கும் வராது மச்சான்” என்றான்.

ஏப்ரல் 5, சனி

போன் செய்து சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். போனைக் கையில் எடுத்தேன். இரண்டு முறை.

ஏப்ரல் 6, ஞாயிறு

உட்கார்ந்து எழுத முடியவில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன்.

வழித்துணை மெக்கானிக் என்று சட்டை கொடுத்திருந்தார்கள். நானே கேட்டு வாங்கிய இடம், இறக்கத்தின் அடி. ஏழே முக்காலுக்குக் கேப்டன் வந்தான். முதல் இருபது பேருக்குள். தலை குனிந்து ஸ்ட்ராவைக் கவ்வியிருந்தான். பெயர்ந்த தாரில் சக்கரம் ஏறியது. பாட்டில் ஸ்டாண்டோடு துள்ளி — அவன் முழங்கையில் பட்டு, வலப்பக்கமாகப் பறந்தது. பாட்டில் அவன் சக்கரத்துக்கு அடியில் போகவில்லை. அவன் ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்து போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னால் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். எண் 214. பாட்டில் சாலையில் குதித்துக்கொண்டு போனதை அவள் பார்த்தாள். பார்த்தாள், ஆனால் நேரமில்லை.

அந்தச் சத்தம். முதலில் பிளாஸ்டிக், அப்புறம் இரும்பு, அப்புறம் உடம்பு. தலைக்கு மேலே சைக்கிள் ஒரு முழுச் சுற்று சுற்றியது. அவள் இடுப்பால் விழுந்து, தடுப்புச் சுவர் வரைக்கும் தேய்ந்துகொண்டே போனாள். ஓடினேன். தொடையில் தோல் இல்லை. கால் இருக்க வேண்டிய பக்கம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவள் கத்தவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, “என் கால் இருக்கா?” என்று கேட்டாள். “பாத்துச் சொல்லுங்க. இருக்கா?”

இருக்கிறது என்றேன். நான் சொன்னதை நம்பினாள்.

அவளுக்கு அடியில் எலுமிச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தத்தோடு கலந்து.

ஏப்ரல் 7, திங்கள்

இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கியிருக்கின்றன. இருபத்தொன்பது வயது. டவுன் பஸ் ஓட்டுநர். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அங்கேயே இன்னொரு ஸ்ட்ரெச்சர் வந்தது. அதில் தங்கச்சி.

குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கேப்டனுக்கு ஓட்டத்தில் கால் பிடித்துக்கொண்டதாம். கடைசி ஐந்து கிலோமீட்டர் நொண்டி நடந்து, தொண்ணூற்று மூன்றாவதாக வந்தானாம். அவனுடைய பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். காலையில் பாட்டிலை அழுத்தி மாட்டியது யார்? அவள்தானே. ஸ்டாண்டை ஆட்டிவிட்டது அவள்தானே — அப்படித்தான் கேட்டானாம். இரண்டு விலா எலும்பு, இடது கண்ணுக்குக் கீழே எலும்பு.

நான் தளர்த்தியதற்கு அவளை அடித்திருக்கிறான்.

என்ன பண்ணிட்டேன் நான். என்னடா பண்ணித் தொலைச்ச.

ஏப்ரல் 8, செவ்வாய்

தங்கச்சியிடம் சொன்னேன். ஒரு கண்தான் திறந்திருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?”

இல்லை என்றேன்.

“போய்ச் சொல்லு. எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லாத.”

ஏப்ரல் 9, புதன்

சொன்னேன். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். காலை எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவள் அண்ணன். நான் ஆரம்பித்ததும், ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டவர் நீங்கள்தானே என்று நன்றி சொன்னாள். அதற்கப்புறமும் சொல்லி முடித்தேன். எந்த ஸ்க்ரூ, எத்தனை சுற்று, எல்லாம். யாருக்காக என்பதை மட்டும் சொல்லவில்லை.

அண்ணன்காரர் என்னைச் சுவரோடு வைத்து அடித்தார். முதல் அடியிலேயே அந்தப் பல் விழுந்துவிட்டது. கையைத் தூக்கவில்லை நான். நர்ஸ் வந்து பிரித்தார். கட்டிலில் இருந்தபடி அவள் கேட்டாள்:

“நீங்க நினைச்ச ஆளே விழுந்திருந்தா, இங்க வந்து சொல்லியிருப்பீங்களா?”

நின்றேன். தரையில் கிடந்த பல்லைப் பொறுக்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன். அங்கே எதையும் விடாமல் எழுதிக் கொடுத்தேன். பெண் இன்ஸ்பெக்டர் இரண்டு முறை வாசித்துவிட்டு, அடிபட்ட தங்கச்சி புகார் கொடுக்கிறாளா என்று கேட்டார். அதை அவளிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். கூப்பிடும்போது வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

ஏப்ரல் 11, வெள்ளி

விஷயம் கேப்டனுக்குப் போய்விட்டது. காலை பத்து மணிக்குக் கடைக்குள் வந்தான். வாசலில் இருந்த கால் பம்ப்பை எடுத்து முகத்தை நோக்கி வீசினான். குனிந்தேன், தோளில் இறங்கியது. ஷோகேஸ் உடைந்தது. கண்ணாடி மேல் என்னைத் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான். பார்வை ஓரங்களில் கறுக்கத் தொடங்கியது. கைக்குப் பெடல் ஸ்பேனர் அகப்பட்டது, ஒரு முழ நீளம், கனமான இரும்பு. காதுக்கு மேலே ஒன்று போட்டேன். சரிந்தான்.

எழுந்தேன். அவன் தரையில் முட்டிபோட்டு, காதைப் பொத்திக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் நினைத்து நினைத்துப் பார்த்த அதே காட்சி. ஸ்பேனரை இரண்டு கையாலும் ஓங்கினேன். அவன், “மச்சான்” என்றான்.

நான் நிறுத்தவில்லை. இதை எனக்கு நானே மறைக்கக் கூடாது. முதலாளி பின்னாலிருந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தொங்கிவிட்டார், அறுபது வயது மனுஷன். அவர் இல்லையென்றால் இறக்கியிருப்பேன்.

ஜீப் வந்தது. என்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவனைத்தான் தேடி வந்திருந்தார்கள். தங்கச்சி நேற்றே புகார் கொடுத்துவிட்டாளாம், கட்டிலில் படுத்தபடியே. ஏழு வருஷத்தையும் தேதியோடு சொன்னாளாம். இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அவள் சொல்லவில்லை.

பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

மே 20, செவ்வாய்

ஜாமீனில் வந்து நான்கு நாள். கடைப்பக்கம் வர வேண்டாம் என்று முதலாளி தன்மையாகச் சொன்னார். அட்டைப்பெட்டி கம்பெனியில் மூட்டை இறக்கும் வேலை. தங்கச்சியும் குழந்தையும் மாடியில் இரண்டு அறை எடுத்துத் தனியாக இருக்கிறார்கள். வரட்டுமா என்று கேட்டேன்.

“கூப்பிடறேன்” என்றாள்.

ஜூலை 2, புதன்

இன்னும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று கோர்ட். என் வழக்கு இரண்டாவது மாடியில். கேப்டனுடையது கீழே, தங்கச்சி சாட்சி சொல்ல வந்திருந்தாள். எனக்கு அது தெரியாது. படியேறி வந்தால் தாழ்வாரப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அந்தப் பஸ் ஓட்டுநர். இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை மாதமாகப் பழக்கம் என்று தெரியவில்லை. ஊன்றுகோல் இரண்டும் தங்கச்சியின் மடியில் இருந்தன. என்னைப் பார்த்ததும் இருவருமே பேச்சை நிறுத்தினார்கள். நான் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டேன்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். வக்கீல் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்: ஸ்க்ரூ தானாகவே தளர்ந்திருக்கலாம் என்று வாதாட இடமிருக்கிறது, நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நீதிபதி கேட்டபோது, நான்தான் தளர்த்தினேன் என்றேன். அவர் தலை நிமிர்ந்து, புரிந்துதான் சொல்கிறீர்களா என்றார். புரிந்துதான் என்றேன். தண்டனை என்னவென்று இருபத்தொன்பதாம் தேதி சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்குக் குறையாது என்று வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

வெளியே வந்தபோது அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி ஒரு கையால் அவளைத் தாங்கியபடி, படி படியாக இறக்கிக்கொண்டிருந்தாள். நடுப்படியில் நின்று, திரும்பாமலே கேட்டாள்:

“ஞாயித்துக்கிழமை வேலை இருக்கா உனக்கு?”

இல்லை என்றேன்.

“பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா. பதினோரு மணிக்கு வா. சாப்பிட்டுட்டுப் போயிடணும்.”

மறுபடியும் இறங்கத் தொடங்கினார்கள். முதலில் ஊன்றுகோல், பிறகு நல்ல கால், பிறகு மற்றது. அவர்கள் கீழே போய்ச் சேரும் வரை மேலேயே நின்றேன்.