ரிசப்ஷனுக்கு ஒரு ஸ்டூல்

புதன், இரவு

மாமல்லபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் இன்று டிசைன் திங்கிங் வகுப்பு, அதாவது மனிதர்களின் கஷ்டத்தைப் புரிந்துகொண்டு தீர்வு தேடும் பயிற்சி. மனிதர்களுக்கு என்ன கஷ்டம் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார் பயிற்சியாளர். மேனேஜர் ஒட்டும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. விருந்தினருக்கு வைஃபை கிடைப்பதில்லை என்று அவர் ஒட்டினார். பிறகு எல்லோர் சீட்டிலும் வைஃபைதான். நான் மட்டும், ரிசப்ஷனில் நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது, ஒரு ஸ்டூல் வேண்டும் என்று எழுதினேன்.

மேனேஜர் அதைப் பிய்த்துப் போட்டார். "இன்னாம்மா இது? கெஸ்ட் கஷ்டத்த உட்டுட்டு உன் கஷ்டத்த எழுதிகினு கீற?"

"நானும் மனுஷிதான் சார்."

பயிற்சியாளர் அடுத்த சீட்டைப் படிக்கப் போய்விட்டார். ஆனால் வகுப்பை முடிக்கும்போது, "பேசிகினே இருக்காதீங்க, சின்னதா செஞ்சு சோதிச்சுப் பாருங்க" என்றார்.

சரி, செய்கிறேன். எங்கள் வீட்டுச் சமையலறை ஸ்டூலைத் துடைத்து வாசல் கதவருகே வைத்தாயிற்று. காலை பஸ்ஸில் என்னோடு அதுவும் வருகிறது. நாளை வரும் முதல் விருந்தினருக்கு உட்கார்ந்தே வணக்கம் சொல்வேன்.