கழுவாத ஏழாம் இலக்கம்

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. களஞ்சியத்தின் தகரக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. கல் வைத்தும் நிற்கவில்லை.

இந்த டயறி காற்றாலைக் கம்பனி தந்தது. ஊழியர் பயிற்சி இன்று தொடக்கம். நான்கு நாள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம். படித்ததை எழுதிப் பழகச் சொன்னார்கள், ஒருவரும் பார்க்க மாட்டார்களாம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

இன்று செய்தது:
சாமான் கொடுத்த கணக்கைக் கொப்பியில் பதிந்தது.
கையுறை சோடி பிரித்து வைத்தது.
கோபுரம் ஏறுகிறவர்கள் விழாமல் உடம்பில் மாட்டும் பெல்ட் 11 கழுவிக் காயப்போட்டது.

வியாழன் என் மகள் ஷிஃப்னாவின் பள்ளிக்கூடத்திலிருந்து விஞ்ஞானக் கழகப் பிள்ளைகள் வருகிறார்கள். பத்துப் பெண் பிள்ளைகள். காற்றாலையில் மின்சாரம் எப்படி வருகிறது என்று காட்டிவிட்டு, முற்றத்துப் பயிற்சிக் கோபுரத்தில் ஏற்றுவார்களாம். முப்பது அடி. ஷி. என் ஒரே பிள்ளை. ஒரு வாரமாகச் சம்மதக் கையெழுத்துக் கேட்டுத் தாளை நீட்டுகிறாள். நான் இன்னும் போடவில்லை.

ஆண்களின் வியர்வை ஊறிய பெல்ட்டைப் பிள்ளைகள் எப்படிப் போடுவார்கள்? அதுதான் கழுவினேன். கிணற்றுக்குப் போட்ட குளோரின் தூள் மிச்சம் இருந்தது. வாளியில் கரைத்து, பகல்வரை ஊறவைத்து, நல்ல வெயிலில் போட்டேன். மணம் எல்லாம் போய்விட்டது. மனதுக்குச் சந்தோஷம்.

பன்னிரண்டாவதை எடுக்கவில்லை. 7ஆம் இலக்கம். மவுத்தான என் கணவர் கோபுரம் ஏறப் போட்டது. கடைசிக் கொளுக்கியில், மழைக்கோட்டுக்குப் பின்னால் தொங்குகிறது. நான் இங்கே வேலைக்கு வந்து மூன்று மாதம். தினமும் ஒருமுறை அதில் முகத்தை வைத்து மூச்செடுப்பேன். இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

காற்று குறையவில்லை. சோற்றில் மணல்.

காலையில் ஷி.யோடு சண்டை.

"உம்மா, வாப்பா முந்நூறு அடி ஏறின. நான் முப்பது. பத்துல ஒண்டு. கணக்குத் தெரியாதா ஒங்களுக்கு?"

"வாய் கூடிட்டு."

"வாப்பா மேலே இருந்தா விழுந்த? பாலாவி ரோட்டுல லொறி அடிச்சித்தானே மவுத்தாப் போன. அப்ப நான் ரோட்டால போறதுக்கும் கையெழுத்துக் கேக்கணுமா?"

கையில் கரண்டி இருந்தது. அடிக்கவில்லை. அவள் சொன்னது சரி. அவர் ஏறிய பதினாறு வருடமும் கோபுரத்துக்குப் பயந்தேன். ரோட்டுக்குப் பயப்படத் தெரியவில்லை.

தாளில் கையெழுத்துப் போட்டேன்.

பகல் பயிற்சி. இன்று பெல்ட் பாடம். எங்கள் பொறுப்பாளர் நிஹால் சேர்தான் படிப்பித்தார். சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார்.

"இது உடுப்பு இல்ல, உங்க உயிர். கழுவ சவர்க்காரத் தண்ணி மட்டும். நிழல்ல காயணும். குளோரின் பட்டா நூல் உள்ளுக்கு உக்கும். வெளியில ஒண்டும் தெரியாது. ஆள் தொங்கினாத்தான் தெரியும்."

பேனை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

கபீர் நானா பின் கதிரையில். களஞ்சியத்தில் என்னோடு வேலை, நான் கழுவியதைப் பார்த்தவர். காதுக்குள் சொன்னார்: "என்ன தங்கச்சி, மூஞ்சி வெளுத்துட்டு? நீங்களும் வாளிக்குள்ள முங்கினதா?"

வகுப்பு முடிய என் பின்னால் வந்தார். இப்போது சிரிக்கவில்லை.

"வாயைத் திறக்காதீங்க. பாவம் பார்த்துத் தந்த வேல. போனா எங்க போவீங்க? ஒரு நாள் கழுவினதுக்கு அறுந்து விழப்போகுதா?"

"புள்ளைகள் ஏறப் போற நானா."

"ஏறட்டும். அல்லாஹ் காப்பாத்துவான்."

சேரின் அறை வாசல்வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

பதினொன்றும் வரிசையாகத் தொங்குகின்றன. புதிது மாதிரி. இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் பயம். நாளைக்கு யாராவது அதைப் போட்டுக்கொண்டு ஏறினால்?

களஞ்சியத்தைப் பூட்டி, பூட்டுத் திறப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தேன்.

ஜூலை 16, புதன்

நித்திரை இல்லை. சுபஹு தொழுதேன், என்ன ஓதினேன் என்று நினைவில்லை.

சேர் வருமுன் வாசலில் நின்றேன். சொன்னேன். இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது.

ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்லாட்டி..." என்றார்.

பழுதான பெல்ட்டை வெட்ட வேண்டும். வேறு யாரும் எடுத்துப் போடாமல் இருக்க. அதுதான் முறை. பெரிய கத்தரிக்கோல் தந்தார். பதினொன்றையும் நானே வெட்டினேன். கை கொப்பளித்துவிட்டது. கபீர் நானா என் பக்கம் பார்க்காமல் துண்டுகளைப் பெருக்கினார். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

புதுப் பெல்ட் கொழும்பிலிருந்து வர அடுத்த கிழமையாகும். பிள்ளைகளை வர வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி. வெட்கம்தான், ஆனாலும் நிம்மதி.

சேர் கடைசிக் கொளுக்கியைப் பார்த்துவிட்டார்.

"ஏழு இரிக்கே! இத ஏன் கழுவல்ல?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தையல் தையலாகத் தடவிப் பார்த்தார். கொக்கியை இழுத்துப் பார்த்தார்.

"நல்ல பெல்ட். பிள்ளைகள் மாறி மாறி ஏறலாம். ஆனா கிறீஸ் பிடிச்சிரிக்கி, அப்பிடியே போட ஏலாது. நீங்களே கழுவுங்க. எப்பிடி எண்டு இப்ப தெரியும்தானே?"

"என் வேல, சேர்?"

"கழுவுங்க முதல்ல."

வேலை இருக்கிறதா இல்லையா, தெரியாது.

சவர்க்காரத் தண்ணீர். மெதுவாகத்தான் தேய்த்தேன். தோள் பட்டியைக் கடைசிவரை நனைக்காமல் வைத்திருந்தேன். வியர்வை, கிறீஸ், அவர் தலைக்குப் பூசும் எண்ணெய். முகத்தை வைத்து ஒருமுறை. பிறகு வாளிக்குள் அமிழ்த்தினேன். தண்ணீர் கறுத்துப் போனது. கொட்ட மனம் வரவில்லை. கொட்டினேன்.

நிழலில் காயப்போட்டேன். வேலை முடிந்து வெளிக்கிடும்வரை காவல் இருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. சேர் காற்று அளக்கும் கருவியை மூன்று தரம் பார்த்தார். ஏறலாமாம்.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஷி. வெற்றுப் போத்தலை வெட்டிச் செய்த காற்றாடியைக் காட்டினாள். சின்ன பல்ப் எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பெல்ட்டைக் கடைசியாக நான்தான் பார்த்தேன். தையல், கொக்கி, வளையம். சேர் தாளை நீட்டி, "பார்த்தவர் பேர் போடுங்க" என்றார். அந்தத் தாளில் மேலே, பழைய வரிகளில், என் கணவரின் எழுத்து. கீழே என் பெயர்.

முதலில் யார் ஏறுவது என்று கேட்க, பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள்.

"நான் ஏறுறன் சேர். அது எங்க வாப்பாட பெல்ட்."

பட்டியை இழுத்துச் சின்னதாக்கி நானே மாட்டிவிட்டேன். ஷி. குனிந்து மணந்து பார்த்தாள்.

"உம்மா, சவர்க்கார மணம்."

"ஓம்" என்றேன்.

இப்போது களஞ்சியத்துக்குள் இருக்கிறேன். வெளியே நிற்க முடியவில்லை. கையை எதிலாவது வைக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன். சேரின் குரல் கேட்கிறது: "மெதுவா, கொக்கிய மாத்து, ஆ, இனி மற்றது." இருபது அடி என்கிறார்கள். தகரக் கதவு ஒருமுறை அடித்தது. யா அல்லாஹ்.

சத்தம் இல்லை.

இன்னும் இல்லை.

கை தட்டுகிறார்கள். மேலே போய்ச் சேர்ந்ததற்கா, இறங்கி வந்ததற்கா? எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.