உன் பெயரில் ஓடிய டெஸ்ட்

அண்ணா,

நேற்று அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து எனக்குத் தைரியம் சொன்னார். "பயப்படாதீங்க தம்பி. உங்க அண்ணனுக்கும் டிரெட்மில் டெஸ்ட்ல அடைப்பு இருக்கும்னுதான் வந்துச்சு. அப்புறம் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தா ஒண்ணுமே இல்ல."

பாவம், அன்றைக்கு அந்த மெஷினில் ஓடியது யார் என்று அவருக்குத் தெரியாது.

பஸ் டிரைவர் வேலைக்கு அந்த டெஸ்ட்டைக் கேட்டார்கள். "நான் சிகரெட் பிடிக்கிறவன்டா, மாட்டிக்குவேன். நீதான் ஒல்லி, எனக்குப் பதிலா ஓடிட்டு வா" என்றாய். உன் பெயரைச் சொல்லிவிட்டு ஓடினேன். ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று கேட்டபோது, "எல்லாம் சரியா இருக்கு" என்று தோளில் தட்டினாய்.

உன் ஆஞ்சியோவில் ஒன்றுமில்லை என்று தெரிந்த அன்றே, அடைப்பு யாருக்கு என்றும் உனக்குத் தெரிந்திருக்கும். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். அதற்கப்புறம் இரண்டு வருஷம், ஞாயிறுதோறும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாய். மாடிப்படி ஏறி எனக்கு மூச்சு வாங்கினால், "அதுக்குள்ள கிழவனாயிட்டியாடா" என்று சிரித்தாய்.

இப்போது எனக்கு மூன்று அடைப்பு. ஒன்று தொண்ணூறு சதவீதம். இதற்கு முன்னால் ஏதாவது டெஸ்ட் எடுத்ததுண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பொய்யும் உனக்காகத்தான்.

வியாழக்கிழமை ஆபரேஷன். கையெழுத்துப் போட வீட்டு ஆள் ஒருவர் வேண்டுமாம். உனக்குப் பதிலாக அண்ணியை அனுப்பு. ஆள் மாற்றி அனுப்புவது உனக்குப் புதிதில்லையே.

தம்பி